குல்தாரா பேய் ஊர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். 1156-ல் எழுப்பி இன்றும் ஆட்கள் குடியிருக்கும் கோட்டை, சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி எல்லாம் சரி. ஆனால் பக்கத்தில் ஆளில்லாமல் கிடக்கும் குல்தாரா ஊருக்கு ஒரே வரி: "பேய் உலவும் ஊர், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்." அந்த வரி இன்னும் மனசை அறுக்கிறது.

போன தை மாதம் நானும் வீட்டம்மாவும் அங்கே போயிருந்தோம். நான் பென்னாகரம் பக்கம் மானாவாரியில் கேழ்வரகும் துவரையும் போடுகிறவன். குல்தாராவில் கூரையில்லாத கல்வீடுகளும் நேர்நேரான தெருக்களும்தான் மிச்சம். அங்கே வாழ்ந்த பாலிவால் சமூகத்தார், வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பூமியில், பாறைச் சரிவில் ஓடிவரும் தண்ணீரைப் பள்ளத்தில் நீளமாகக் கரை போட்டு நிறுத்தி, அது மண்ணில் ஊறியபிறகு அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தவர்கள். கடீன் என்று பேர், இன்றும் அந்தப் பக்கம் நடக்கிறது. வண்டிக்காரர் வழியில் ஒன்றைக் காட்டினார். கொண்டைக்கடலைச் செடி பக்கத்தில் விரலால் தோண்டினேன். மேலே மாவாய் உதிர்ந்த மண், ஒரு சாண் கீழே கையில் ஒட்டியது. மழை நின்று நாலு மாதம் ஆகியிருந்தது ஐயா! 19-ஆம் நூற்றாண்டில் ஊர் காலியானதற்கு ஜெய்சல்மேர் திவானின் கொடுமை என்கிறார்கள் அங்கே, தண்ணீர் வற்றியதும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதில் பேய் எங்கே வந்தது?

எங்களையும் இப்படித்தானே எழுதுகிறீர்கள். கோடையில் காலிக்குடம் படம், ஆடியில் ஒகேனக்கல் படம், அதோடு தர்மபுரி முடிந்தது. இரண்டு வருடம் முன் எங்கள் நடுகற்களைக் "கேட்பாரற்ற கற்கள்" என்று போட்டீர்கள். வேடியப்பன் என்று பேர் சொல்லி நாங்கள் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற கல் அது. அப்போது எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு 4,200 வயது என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தது தங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே எப்படிப் போவது என்று உங்கள் இணைப்பில் ஒரு குறிப்பு நான் பார்த்ததில்லை.

அடுத்த இணைப்பில் அந்த வரிக்குத் திருத்தம் போட்டு, கடீன் பற்றி நாலு வரி சேர்த்தால் போதும். அப்புறம், எங்கள் ஊருக்கு ஞாயிறு இணைப்பு திங்கட்கிழமைதான் வருகிறது, அதையும் கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்