நல்ல ஆசிரியரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புங்கள்

மலாவி நாட்டின் கல்வி அமைச்சர் அவர்களுக்கும் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உங்கள் மக்கள் என்னிடம் காட்டிய அன்பின் உரிமையில் இதை எழுதுகிறேன்.

1994இல் தொடக்கக் கல்விக்கான கட்டணத்தை உங்கள் அரசு நீக்கியது. 19 லட்சம் அளவில் இருந்த மாணவர் எண்ணிக்கை ஓராண்டில் ஏறத்தாழ 10 லட்சம் கூடியது. வகுப்பறை போதவில்லை, மரத்தடியில் உட்கார வைத்தீர்கள். ஆசிரியர் போதவில்லை, ஏறத்தாழ 20,000 பேரைச் சில வாரப் பயிற்சியோடு பாடம் நடத்த அனுப்பினீர்கள். ஏழை நாடு துணிந்து செய்த பெரிய காரியம் அது. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த நெரிசலைச் சின்னஞ்சிறு பிள்ளைகள் தலையிலேயே சுமத்தியிருக்கிறோமே, அதுதான் என்னை வாட்டுகிறது.

ஒரு கிராமப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பைப் பார்த்தேன். நூறு பேருக்கு மேல் சிமென்ட் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை சிச்சேவா மொழியில் ‘ம, மெ, மி, மொ, மு’ என்று சொல்லித்தர, வகுப்பே கூரை அதிரத் திருப்பிச் சொன்னது. பிறகு கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தியை அழைத்து ‘மி’யைத் தொட்டுக் காட்டினார். அவள் ‘ம’விலிருந்து தொடங்கி விரைவாகச் சொல்லிக்கொண்டே வந்து ‘மி’யில் நின்றாள். அதே எழுத்தைப் பலகையின் மூலையில் தனியே எழுதியதும் திகைத்துப்போனாள். அவள் கெட்டிக்காரிதான்; பாட்டாக வந்த வரிசையை மனத்தில் ஏற்றியிருந்தாள். ஆனால் எழுத்தைக் கிட்டத்தில் பார்த்து, கைபிடித்து எழுதிப் பழக அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இத்தனைக்கும் சிச்சேவா பேசுவதுபோலவே எழுதப்படும் மொழி. ஒழுங்காகச் சொல்லித்தந்தால் பிள்ளைகள் சீக்கிரமே படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதே பள்ளியில், தொடக்கக் கல்வியின் கடைசி வகுப்பான எட்டாம் வகுப்பில் பெஞ்சு இருந்தது, புத்தகம் இருந்தது, பள்ளியிலேயே அனுபவம் மிக்க ஆசிரியர் இருந்தார். பிள்ளைகள்தான் குறைவு. மற்றவர்கள் ஒரே வகுப்பில் மீண்டும் மீண்டும் தேங்கி, வழியிலேயே நின்றுவிட்டவர்கள். தலைமையாசிரியர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எட்டாம் வகுப்பின் இறுதித் தேர்வு முடிவை வைத்துத்தான் ஊரும் மேலிடமும் பள்ளியை எடைபோடுகின்றன. எதை எடைபோடுகிறோமோ அதற்குத்தான் நல்ல ஆசிரியரை ஒதுக்குவார்கள்.

உங்கள் நாடும் அடங்கிய, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பத்து வயதுப் பிள்ளைகளில் 89 விழுக்காட்டினருக்கு ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இயலவில்லை என்று 2022இல் உலக வங்கி மதிப்பிட்டது. இந்தக் குறையின் வேர் முதல் இரண்டு வகுப்புகளில் இருக்கிறது.

சூரிய மின்சக்தியில் இயங்கும் டேப்லெட்டுகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்கிறீர்கள், நல்லது. பல பள்ளிகளில் காலையில் ‘லிகுனி பாலா’ கஞ்சி ஊற்றுகிறார்கள். பஞ்சம் வரும் மாதங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பது அந்தக் கஞ்சிதான். வடக்கே சித்தும்புகா பேசும் பிள்ளைக்கும் தெற்கே சியாவோ பேசும் பிள்ளைக்கும் அவரவர் வீட்டு மொழியில் முதல் எழுத்து கிடைக்க வேண்டும் என்பதும் என் ஆசை. ஆனால் நூறு பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை நீடிக்கும்வரை இவை எதுவும் முழுப்பலன் தராது.

புதிய பள்ளிக் கட்டடம் எழுப்பப் பணமும் காலமும் வேண்டும். இருக்கும் ஆசிரியர்களை மாற்றி அமர்த்த ஓர் ஆணை போதும். ஒவ்வொரு பள்ளியிலும் மிகத் தேர்ந்த ஆசிரியர் ஒன்றாம் வகுப்பில் இருக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். இடம் போதாவிட்டால் காலை, மாலை என்று வகுப்பைப் பிரியுங்கள். இரண்டு வேளையும் உழைப்பவருக்குக் கூடுதல் ஊதியம் கொடுங்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது எத்தனை பிள்ளைகள் தாமாகப் படிக்கிறார்கள் என்பதையும் பள்ளியின் மதிப்பீட்டில் சேருங்கள். தொலைதூரக் கிராமங்களில் ஆசிரியைகள் பயமில்லாமல் தங்க வீடு கட்டித் தாருங்கள்.

செப்டம்பரில் கல்வியாண்டு தொடங்கும்போது, ஒன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், எட்டாம் வகுப்பில் எத்தனை என்று ஒவ்வொரு பள்ளி வாசலிலும் எழுதி வையுங்கள். பெற்றோர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நாட்டில் வாழ்ந்த ஒரு தமிழன்