கலாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள கலா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் நலம். அவருக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. மாடி வீட்டு அம்மா இன்னும் தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை போடுகிறார். இட்லி சரோஜாவை எம்.சி. ரோட்டில் பார்த்தேன். அதே சிரிப்பு, அதே பேரம்.

மகனுக்குப் பெண் பார்க்க நல்ல போட்டோ எடுக்கணும், ஆள் சொல் என்று கேட்டிருந்தாய். சரியான இடத்தில்தான் கேட்டாய் போ. ஆறு மாதமாக எங்கள் வீட்டில் அதே ராமாயணம்தான்.

பாப்பா காலடிப்பேட்டையில் பிசியோதெரபி கிளினிக் போட்டிருக்கிறாள் இல்லையா, போர்டில் போட ஒரு படம் வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். வெள்ளைத் திரை, இரண்டு லைட், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரும்மா இது?" என்றாள். என் நிறம்தானே அவளுக்கு. மைதா மாவில் புரட்டி எடுத்திருந்தார்கள். கேட்டதற்கு அந்தத் தம்பி, "லேடீஸ்னா பிரைட் பண்ணித்தான் ஆன்ட்டி குடுப்போம், எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல" என்றான். பெருந்தன்மையாம்!

உனக்கு இப்போது எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். 1989. என்னைப் பெண் பார்க்க அனுப்பிய படம். அப்போது கம்ப்யூட்டர் ஏது? நெகட்டிவிலேயே பென்சிலால் தடவுவார்கள், தடவிய இடம் பிரிண்டில் வெளுத்து வரும். அந்த ஸ்டுடியோ தாத்தா என் நிறத்தையும் தடவினார், கன்னத்துத் தழும்பையும் தடவினார். அவர்கள் நேரில் வந்து பார்த்ததும் மாமியார் கேட்ட கேள்வியை இன்றைக்கும் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவாயே, நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். ஆனால் அன்றைக்குக் காபித் தட்டோடு நின்ற என் கை நடுங்கியது கலா. உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. பாப்பா அப்படிக் கேட்டபோது அந்தத் தட்டுதான் கண்ணில் வந்தது.

சரி, அதை விடு. அந்த மாவுப் படத்தைக் கடை ஷோகேஸில் வேறு மாட்டியிருந்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம் என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பாப்பா போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாளே கழற்றிவிட்டான்.

அப்புறம் ராயபுரத்தில் ஒருவர் கிடைத்தார். கல்யாண ஆர்டர் எடுப்பதில்லை, முகம் மட்டும்தான். பாப்பா அவரிடம் ஆல்பமே கேட்கவில்லை. ஒரே ஆளை எடுத்த மொத்தப் படங்களையும் காட்டச் சொன்னாள். நூறில் ஒன்று யாருக்கும் நன்றாக விழுமே. காசிமேட்டுக்காரர் ஒருவரின் படங்களைக் காட்டினார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது, அதில் ஒரு மினுமினுப்பு. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளைத் திரைக்கு முன்னால் கேமராவை அதன் போக்கில் விட்டால், அது வெள்ளையைப் பார்த்துப் படம் மொத்தத்தையும் இருட்டாக்குமாம். முகம் கரியாகிவிடும். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் தூக்கப் போய்த்தான் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறது. இவர் முகத்து வெளிச்சத்தை அளந்து எடுக்கிறார். பின்னால் சாம்பல் நிறத் துணி, கிளினிக் ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான். 85 எம்.எம். லென்ஸ் போட்டு ஆறேழு அடி தள்ளி நின்றார். போனில் கிட்டே வைத்து எடுத்தால் மூக்கு புடைத்துத் தெரிவது கிட்டே நிற்பதால்தானாம், மூக்கின் மேல் குற்றமில்லை. (உன் மூக்கைச் சொல்லவில்லை.)

பாப்பா முதலில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தன் முட்டிவலியைச் சொன்னார். இவள் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். போர்டில் இருப்பது அந்த முகம்தான்.

பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிடு. எங்களுக்கு ஐந்து படம் 4,000 ஆனது. முழு அளவு ஃபைலைக் கேட்டு வாங்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பெரிதாகப் பிரிண்ட் போட உதவாது. இன்னொன்று, உன் மகன் முகத்தைக் கம்ப்யூட்டரில் தேய்த்து வழுவழுப்பாக்கச் சொல்லாதேடி. வருகிறவள் நேரில் பார்க்கத்தானே போகிறாள்.

ஆவணியில் வரும்போது அவனையும் கூட்டி வா, நான் பேசி வைக்கிறேன். இப்போது சென்ட்ரலில் ஏறினால் மெட்ரோ விம்கோ நகர் வரை வருகிறது, வியர்த்து வழிந்துகொண்டு வர வேண்டாம்.

கிளம்பும்போது அவர் என்னையும் ஒன்று எடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். சிரிக்காமல் பார். காலேஜ் மாடிப்படியில் நீ தள்ளிவிட்டு வந்த தழும்பு அப்படியே இருக்கிறது.

உன்,
மல்லி