இலக்கம் பிசகாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி மடல்

எம்.ஜி.யு.எஸ். என்ற இரத்த நிலையோடு திருகோணமலை, மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் வாழ்கிறவர்களும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து எழுதுகிறோம்.

இது புற்றுநோய் இல்லை, அதற்கு முந்திய நிலை. என்பு மச்சையின் பிளாஸ்மா கலங்களில் ஒரு கூட்டம் ஒரே வகைப் புரதத்தைச் சுரந்துகொண்டிருக்கும். அந்த எம் புரதம் லீற்றருக்கு 30 கிராமுக்குக் கீழே, மச்சையில் அக்கலங்கள் 10 வீதத்துக்குக் கீழே, உறுப்புப் பாதிப்பு இல்லை என்றால் இந்தப் பெயர். வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்களவில்தான் மைலோமா என்ற மச்சைப் புற்றுநோய் போன்ற நோயாக மாறும். மருந்து தேவையில்லை, கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எங்களுக்குக் கிடைத்த உதவியெல்லாம் இலக்கங்களைச் சுற்றித்தான்.

இரத்தம் எடுக்கும் லாப் பிள்ளைகளே, கையில் கட்டும் பட்டியை நெடுநேரம் இறுக்கி வைத்தால் புரதம் செறிந்து கல்சியமும் கூடி, நோய் முற்றியதுபோலத் தெரியும். நரம்பு அகப்பட்டதும் பட்டியைத் தளர்த்தி விடுகிறீர்களே, வீண் பயம் பாதி அங்கேயே போய்விடுகிறது. எலக்ட்ரோபொரேசிஸ் என்ற, புரதங்களை மின்சாரத்தால் பிரித்து வரைபாகக் காட்டும் சோதனைக்கான மாதிரியை ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுகூடத்துக்கே அனுப்பியதும் பெரிய உதவி. வரைபின் முகட்டுக்கு எல்லை வைத்துத்தான் எம் புரதத்தை அளக்கிறார்கள். இடம் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். போன முறை லீற்றருக்கு 12 கிராம், இந்த முறை 13 என்றால் அது ஏற்றமாகாது. முறைக்கு முறை ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

றிப்போட்டுகளை அட்டவணையாக்கித் தந்த தம்பி தங்கைமார் அலகையும் பக்கத்தில் எழுதினார்கள். ப்ரீ லைட் செயினை, அதாவது பிளாஸ்மா கலங்கள் தனியாக விடும் சிறு புரதத் துண்டுகளை, ஒரு லாப் லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் மற்றது டெசிலீற்றருக்கு (லீற்றரில் பத்திலொன்று) இத்தனை என்றும் அச்சடிக்கும், முன்னதில் 18, பின்னதில் 1.8 இரண்டும் ஒன்றே. அந்தத் துண்டுகளின் இரண்டு வகையான கப்பா, லம்டாவின் விகிதம் 0.26 முதல் 1.65 வரை இயல்பு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சுமார் 3 வரை போனாலும் பதற வேண்டியதில்லை.

24 மணி நேரச் சலம் சேர்ப்பதை தாதி மிஸ்மார் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். காலை முதற் சலத்தைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்துச் சலம்வரை ஒன்றுவிடாமல் போத்தலில் சேரவேண்டும். ஒருதரம் தவறினாலும் கணக்குக் குறையும். ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியை மூதூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, உள்ளே என்னவென்று கேட்காத நடத்துநர்மாருக்குத் தனி நன்றி!

முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனாக் என்ற நோக்குளிசை கேட்டால் "கிளினிக் கொப்பியைக் காட்டுங்கோ" என்று மறிக்கிற பாமசி அண்ணைமாரையும் மறக்கவில்லை. அந்தக் குளிசையால், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியற்றினின் அளவு ஏறினால், குளிசையா நோயா என்று பிரித்தறிவது கஷ்டம்.

டொக்டர்மார் ஆளுக்கேற்றபடி தவணை வைத்தார்கள். முதலில் 6 மாதத்தில், பிறகு, எம் புரதம் ஐ.ஜி.ஜி. என்ற வகை, லீற்றருக்கு 15 கிராமுக்குக் கீழே, கப்பா லம்டா விகிதமும் இயல்பு என்றால் 2, 3 வருடத்துக்கொருமுறை, மற்றவர்களுக்கு வருடாவருடம். விடாத முதுகு நோவு, காரணமில்லாத களைப்பு, மெலிவு, நுரைக்கும் சலம், அடிக்கடி காய்ச்சல் வந்தால் தவணை பார்க்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். வருவோம்.

இப்படிக்கு,
திருகோணமலை, மூதூர், கிண்ணியாக் குடும்பங்கள்