காற்பந்துச் சங்கத்துக்கு ஒரு மடல்: மலேசியா என்ற பெயரை வாடகைக்கு விடாதீர்கள்

மலேசியக் காற்பந்துச் சங்கத்துப் பெரியவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவண விவகாரத்தில் 2025 செப்டம்பரில் ஃபிஃபா தண்டனை கொடுத்ததிலிருந்து உங்களைத் திட்டி எழுதாத ரசிகரே இல்லை. நான் அதற்காக எழுதவில்லை. இது அதைவிடப் பழைய சங்கதி. சில ஆண்டுகளில் ஜூலை வந்தால் ஏதாவது ஒரு ஐரோப்பிய கிளப் கோலாலம்பூரில் வந்து இறங்கும், புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் ஒரு ஆட்டம் நடக்கும், ஸ்கோர் பலகையில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 'மலேசியா' என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெயரை யார் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஆட்டங்களே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். 1975ல் மொக்தார் டஹாரி இரண்டு கோல் போட்டு சிலாங்கூர் அணி ஆர்சனலை 2-0 என்று அனுப்பி வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2009 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் வந்தபோது, அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபாலின் பையன்கள் 0-2 என்று பின்தங்கியிருந்து 2-2க்கு வந்தார்கள். இரண்டையும் போட்டவர் அம்ரி யஹ்யா. அதில் ஒன்று, கோல்கீப்பர் பென் ஃபாஸ்டர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டாரே, அதை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். கடைசியில் மைக்கேல் ஓவன் வந்து 3-2 ஆக்கிவிட்டார், சரி. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸில் 23 வயதுக்குட்பட்டோர் அணி சீ விளையாட்டு எனும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை 20 ஆண்டுக்குப் பிறகு கொண்டுவந்தது, மறு ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியாவை வீழ்த்தி தென்கிழக்காசிய அணிகளுக்கான சுசுகி கோப்பை. பெரிய கிளப்போடு மோதினால் பயம் போகும் என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

அப்புறம் என்ன பிரச்சினை? 2011 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சீன தைப்பேயோடு இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-4, எதிரணி மண்ணில் அதிக கோல் போட்டவர் யார் என்ற வெளியூர் கோல் கணக்கில் தப்பித்தோம். அந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் 13ஆம் தேதி ஆர்சனல், 0-4. 16ஆம் தேதி லிவர்பூல், 3-6. 21ஆம் தேதி செல்சி, 0-1. 23ஆம் தேதி, அதாவது இரண்டே நாள் கழித்து, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டம். அதில் 3-5 என்று வாங்கிக்கட்டிக்கொண்டு, 28ஆம் தேதி இங்கே 1-1 என்று முடித்து வெளியேறினோம். செல்சியால்தான் தோற்றோம் என்று சொல்ல வரவில்லை. அன்று நம் தற்காப்பில் இருந்த ஓட்டை யார் வராவிட்டாலும் இருந்திருக்கும். செல்சிக்கு எதிராக யாரை இறக்கினீர்கள், யாருக்கு ஓய்வு கொடுத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு உலகக் கோப்பை ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் 'மலேசியா' என்ற பெயரில் இன்னொரு ஆட்டம் நடத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அந்தக் கை யாருடையது?

ஜூலையில் வருவது அவர்கள் வசதிக்கு. அவர்களுக்குப் பருவம் தொடங்கும் முன் உடம்பைத் தேற்றும் நேரம், இரண்டாம் பாதியில் பதினொரு பேரையும் மாற்றினாலும் கேட்பாரில்லை. அந்த ஆண்டுகளில் நமக்கோ அது லீக் நடுவில். ஃபிஃபா தரவரிசைக்கு இந்த ஆட்டங்களால் ஒரு புள்ளியும் கிடையாது, ஃபிஃபா ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே வருவதால் ஆட்டக்காரரை விட வேண்டும் என்ற கட்டாயமும் நம் கிளப்புகளுக்குக் கிடையாது. அதனால்தான் வெளிநாட்டு ஆட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளும் 'மலேசியா லெவன்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள் போலிருக்கிறது. 2015 ஜூலை 24 அன்று லிவர்பூலோடு 1-1 என்று சமன் செய்தோம் என்று ஒரே கொண்டாட்டம். நம் பக்கத்துக் கோலைப் போட்டவர் பேட்ரிக் வ்லே, நம் லீக்கில் ஆட வந்த லைபீரியாக்காரர். நல்ல ஆட்டக்காரர், அவர்மீது ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆறு வாரம்கூட முழுசாக ஆகாமல் அபுதாபியில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு அமீரகம் நமக்குப் பத்து கோல் போட்டபோது அவர் வந்து காப்பாற்றவா முடியும்? 0-10. தேசியப் பயிற்றுநர் டோல்லா சாலே பதவி விலகினார். லிவர்பூலோடு ஆடிய அந்த 90 நிமிடத்திலிருந்து அவருக்கு என்ன கிடைத்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். 2013ல் பார்சிலோனா வந்தபோது புக்கிட் ஜாலில் புல்தரை சரியில்லை என்று ஆட்டம் ஷா ஆலாமுக்கு மாறியது. விருந்தாளிக்குக் கால் வலிக்கும் என்றதும் அரங்கமே மாறுகிறது. நம் பிள்ளைகள் அதே புல்லில் ஆடிக்கொண்டிருந்தபோது அந்தக் கவலை எங்கே போயிருந்தது?

2025 மே மாதம் யுனைடெட் மறுபடி வந்தது. இந்த முறை எதிரே நின்றது ஆசியான் ஆல் ஸ்டார்ஸ், தென்கிழக்காசிய ஆட்டக்காரர்களைச் சேர்த்த அணி. மியன்மாரின் மவுங் மவுங் ல்வின் போட்ட ஒரே கோலில் அவர்கள் ஜெயித்தார்கள், 72,000க்கும் மேற்பட்ட கூட்டம் யுனைடெட்டை ஊளையிட்டு அனுப்பியது. அது காட்சி ஆட்டம், கலப்பு அணி, எல்லாருக்கும் தெரிந்தே வந்தார்கள், யாரும் அதைத் தேசிய அணி என்று சொல்லவில்லை. அப்படி நடத்துங்கள், நானும் டிக்கெட் வாங்குவேன்.

'மலேசியா' என்று பெயர் போடுவதாக இருந்தால் மட்டும் நிலைமை வேறு. தேசியப் பயிற்றுநர் கேட்டால்தான் ஆட்டம், ஏற்பாட்டாளர் கேட்டதற்காக அல்ல. நம் குடிமக்கள் மட்டும் களத்தில் இருக்க வேண்டும். தகுதிச் சுற்றுக்கு முந்தைய இரண்டு வாரம் யார் வந்தாலும், ரியல் மாட்ரிட்டே வந்தாலும், கதவு அடைப்பு. முக்கியமாக, ஏற்பாட்டாளரிடமிருந்து சங்கத்துக்கு வந்த தொகை எவ்வளவு, அதில் இளையோர் பயிற்சிக்குப் போனது எவ்வளவு என்று ஆட்டம் முடிந்த மாதமே வெளியிடுங்கள். இதுவரை அரங்கம் நிரம்பிய கணக்கைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

கூட்டம் நம் பக்கம் இருக்காது என்று பயப்பட வேண்டாம். 2011ல் சஃபீ சாலி லிவர்பூல் வலையில் அடுத்தடுத்து இரண்டு போட்டபோது என் வரிசையில் லிவர்பூலின் சிவப்புச் சட்டைக்காரர்கள்தான் முதலில் எழுந்து குதித்தார்கள். ஒருவர் லிவர்பூல் நட்சத்திரம் ஜெரார்டு பெயர் போட்ட ஜெர்சியைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்து எந்த கிளப்பாவது ஒப்பந்தத் தாளை அனுப்பினால், கையெழுத்துப் போடும் முன் தகுதிச் சுற்று அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி இடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து ஹரிமாவ் மலாயா (நம் தேசிய அணி) ரசிகன் ஒருவன்