தமிழ்த் தளங்களை நிறுவும் நாளில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையதளம் ஒன்றுக்கு உள்ளடக்க மேலாண்மை அமைப்பை (கட்டுரைகளை எழுதி, திருத்தி, வெளியிட உதவும் மென்பொருளை) நிறுவுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, வேர்ட்பிரஸா, துருபலா, ஜூம்லாவா என்ற தேர்வோடு நின்றுவிட்டது. 2001இல் துருபலும் 2003இல் வேர்ட்பிரஸும் 2005இல் ஜூம்லாவும் வெளிவந்தன. மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள், மூன்றும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை, எதை எடுத்தாலும் ஒரு தளத்தை நன்றாகவே நடத்தலாம். தமிழில் எழுதப்போகிறவர்களுக்கு இந்தத் தேர்வைவிட முக்கியமானவை, நிறுவும் அவசரத்தில் யாரும் நின்று பார்க்காத சில அமைவுகள் என்பது என் கருத்து.

அவற்றுள் முதன்மையானது, கட்டுரைகள் சேமிக்கப்படும் தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்கும் முறை. ஒரு நிறுவனத்தின் தளத்தைப் புதிய சேவையகத்துக்கு மாற்றிய பணியில் நானும் இருந்தேன். புதிய அட்டவணைகள் லத்தீன் எழுத்துகளுக்கான குறியாக்கத்தில் உருவாக்கப்பட்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கட்டுரைகளை ஏற்றி முடித்தபோது பக்கம் முழுவதும் கேள்விக்குறிகளாக இருந்தது. தமிழ் எழுத்து தாறுமாறான குறிகளாகத் தெரிந்தால் உள்ளே பைட்டுகள் (எழுத்தைக் கணினி சேமிக்கும் சிற்றலகுகள்) அப்படியே இருக்க வாய்ப்புண்டு, பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டாலோ, காப்புப் பிரதி இருந்தாலன்றி அந்த எழுத்து திரும்பி வராது. எங்களிடம் பிரதி இருந்தது. ஆனாலும் இரண்டு இரவுகள் போயின.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'யுடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிவந்த குறியாக்கம், ஒரு குறிக்கு 3 பைட்டுகளுக்கு மேல் ஏற்காது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ் 3 பைட்டுகளுக்குள் அடங்கிவிடுவதால் குறை வெளியே தெரிவதில்லை. ஆனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் பொதுத் தரமான யூனிகோடின் 12ஆம் பதிப்பில் 2019இல் சேர்க்கப்பட்ட தமிழின் பழைய பின்னக் குறிகளுக்கும் அளவைக் குறிகளுக்கும் 4 பைட்டுகள் வேண்டும்; வாசகர்கள் கருத்துப் பெட்டியில் இடும் சிரிப்பு முகங்களுக்கும் அப்படித்தான். தொடக்கத்திலேயே 'யுடிஎஃப்8எம்பி4' என்பதைத் தேர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பக்கத்தின் முகவரி. வேர்ட்பிரஸ், கட்டுரைத் தலைப்பிலிருந்து முகவரியின் இறுதிப் பகுதியைத் தானே அமைத்துக்கொள்கிறது. அதற்கு அது ஒதுக்கியிருக்கும் இடம் 200 குறிகள். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் முகவரியில் 9 குறிகளாக விரிவதால், 22 குறிகளுக்கு மேல் அங்கே இடமில்லை. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே 5 குறிகளாகி, முகவரியில் 45 குறிகளை எடுத்துக்கொள்கிறது. நான்கைந்து சொற்கள் கொண்ட தலைப்பு நடுச்சொல்லில் அறுபடுவதும், ஒரே சொற்களில் தொடங்கும் தொடர் கட்டுரைகளின் முகவரிகள் இறுதியில் வரும் எண்ணால் மட்டும் வேறுபடுவதும் இதனால்தான். முகவரிக்கு எண்ணைப் பயன்படுத்துவதா, சுருக்கமான சொல்லைக் கையால் இடுவதா என்பதை முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பின்னால் மாற்றினால் பிறர் சேமித்துவைத்த இணைப்புகள் அறுந்துபோகக்கூடும்.

அகர வரிசையில் பட்டியல் இடுகிறவர்கள், யூனிகோடு வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்பும் றகரம் ரகரத்தை ஒட்டியும் வருவதை மறக்கக் கூடாது. வெறும் குறியெண்களைக் கொண்டு வரிசைப்படுத்தினால் அது நாம் பள்ளியில் படித்த வரிசையாக இராது.

பயனர் பொறுப்புகளைப் பற்றியும் ஒரு சொல். வேர்ட்பிரஸில் தனித் தளமொன்றுக்கு இயல்பாகவே 5 பொறுப்புநிலைகள் உள்ளன. பங்களிப்பாளர் நிலையில் இருப்பவர் எழுதலாம், தாமே வெளியிட இயலாது. அப்படியிருந்தும் எழுதுகிறவர் அனைவருக்கும் நிர்வாகி உரிமையை வழங்கிவிடும் பழக்கத்தை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஒருவரின் கடவுச்சொல் கசிந்தால் செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) முதல் பயனர் பட்டியல் வரை அனைத்தும் அந்நியர் கைக்குப் போய்விடும்.

குறியாக்கத்தையும் முகவரி அமைப்பையும் எங்கே, எப்படிச் சரிபார்ப்பது என்பதைத் கணினித் திரையின் படங்களுடன் விளக்கும் தொடர் ஒன்றைத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்