பறவையை எண்ணுகிறோம், ஊரைக் கேட்கிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு நானும் போகிறவன். போன தடவை கண்மாய்க் கரையில் பைனாகுலரோடு நின்று நத்தைக்குத்தி நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "எண்ணி என்ன தம்பி செய்யப்போறீக? உள்ள நிக்கிற கருவேல மரத்த ஏலம் விட்டுட்டா இதுக எங்க போயிக் கூடு கட்டும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. செல்போன் செயலியில் பறவையின் பெயருக்கும் எண்ணிக்கைக்கும் கட்டம் இருந்தது, அவர் கேட்டதை எழுத இடம் இல்லை.

அசாமில் ஹர்கிலா என்று ஒரு பெரிய நாரை. அழுகிய இறைச்சியைக் கொண்டுவந்து கூட்டில் போடும், மரத்தடியெல்லாம் எச்சமும் நாற்றமும்தான். 2007ல் தாதரா கிராமத்தில் ஒருவர் தன் வீட்டு மரத்தை வெட்ட, குஞ்சுகள் கீழே விழுந்தன. ஆய்வு மாணவியாக இருந்த பூர்ணிமா தேவி பர்மன் தட்டிக்கேட்கப் போய் ஊராரிடம் கேலிதான் வாங்கினார். அவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அடுத்த மரம் இரவோடு இரவாக விழுந்திருக்கும் என்பது என் எண்ணம். அவரோ முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு, ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசினார். கூடு கட்டும் காலத்தில் நம்மூர் வளைகாப்பு மாதிரி ஒரு சடங்கைப் பறவைக்கே நடத்தினார்கள், தறியில் நெய்கிற சேலையிலும் துண்டிலும் ஹர்கிலா உருவம் ஏறியது, அதில் நாலு காசும் கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் 28 ஆக இருந்த கூடுகள் பிறகு 250ஐத் தாண்டின. அதே பறவை, அதே நாற்றம். மாறியவர்கள் மனிதர்கள்தானே!

நம்மிடமும் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காக அங்கே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, வனத்துறை போய் இனிப்பு கொடுக்கிறது, பத்திரிகைகளும் (உங்களையும் சேர்த்துத்தான்) வருடம் தவறாமல் படத்தோடு செய்தி போடுகின்றன. சரி, அப்புறம்? திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டுத் தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், வயலுக்கு எச்சத்தால் கிடைக்கும் உரம் எவ்வளவு, விட்டுக்கொடுப்பது யார், பலன் யாருக்கு என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டாமா? அது விலங்கியல்காரர் வேலை இல்லை. சமூகவியலும் மானுடவியலும் படித்தவர்கள் செய்ய வேண்டியது, அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

வனத்துறைக்கு என் கோரிக்கை சின்னதுதான். நீங்கள் நடத்தும் அடுத்த பறவைக் கணக்கெடுப்பின் குழுக்களில் பக்கத்துக் கல்லூரியிலிருந்து சமூகவியல் மாணவர்கள் இரண்டு பேரைச் சேருங்கள். பைனாகுலர் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். முதல் ஆளாக அந்தப் பெரியவரிடம் நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை