கடுதாசி அறைத் திருப்பணி முடிஞ்சது: உறுப்பினர்களுக்குக் குழு எழுதுற அறிக்கை

உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கத்து மாடியில பழைய கடுதாசியும் ஆவணமும் வைக்கிற கடுதாசி அறையோட வேலை முடிஞ்சு பெட்டி எல்லாம் திரும்ப உள்ள வந்தாச்சு. பொதுக்கூட்டத்துல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து எழுதுறோம், பொறுமையா படிங்க. வரவு செலவுக் கணக்கு ஆடிட்டர் கையெழுத்தோட கீழ நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, ரசீது பைலும் பக்கத்து மேசையிலயே இருக்கு, ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் கணக்கு இருக்கு, யார் வேணாலும் புரட்டிப் பாக்கலாம். இங்க எழுதப் போறது வேலையைப் பத்தி மட்டும்.

கோயிலுக்குத்தானே திருப்பணின்னு சொல்லுவாங்க, இதுக்கு ஏன் அந்தப் பேருன்னு சில பேர் கேட்டீங்க. பேர் வச்சது நம்ம மூத்த உறுப்பினர் ஐயாதான். கோயில்ல வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாலாலயம் பண்ணி சாமியை சின்ன இடத்துக்கு மாத்துவாங்க, அங்கயும் பூஜை நிக்காது, நம்ம பெட்டிகளுக்கும் அப்படித்தான் செய்யணும்னு சொன்னார். அதே மாதிரி ஒரு அக்கா வீட்டு மாடி ரூமை கேட்டு வாங்கி, கோத்தோங் ரோயோங் போட்டு, அதாவது எல்லாரும் கூடி கை கொடுத்து, எல்லாப் பெட்டியையும் அங்க ஏத்தி, வேலை நடந்த அத்தனை நாளும் முறை வச்சு ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வந்தோம். ஒரு நாள் கூட விடல.

எல்லாத்துக்கும் ஆரம்பம் 2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரி பெஞ்ச மழை. பினாங்குல இருந்தவங்க யாரும் அதை மறந்திருக்க மாட்டீங்க. நம்ம கட்டடத்துல காத்துக்கு ஓடு நகர்ந்து மேல இருந்து தண்ணி. கீழ்த்தட்டு அலமாரியில இருந்த கட்டுகள் நனைஞ்சிருச்சு. மறுநாள் ஓடி வந்து கைக்குக் கிடைச்சதை எல்லாம் காப்பாத்துனவங்களுக்கு நாம ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம், ஆனா அப்போ தெரியாம வெயில்ல காய வச்சதுல சில தாள் வளைஞ்சு முறுகிப் போச்சு, ஊதாக் கலர் காப்பியிங் பென்சில்ல எழுதின கடுதாசிங்கள்ல தண்ணி பட்ட இடமெல்லாம் சாயம் கரைஞ்சு பரவிருச்சு. அந்தப் பென்சிலோட தன்மையே அப்படி, காஞ்சு இருக்கிற வரைக்கும் சாதாரணப் பென்சில் மாதிரி இருக்கும், ஈரம் பட்டா மை ஆயிடும். அதுல போன எழுத்து போனதுதான், எந்த வைத்தியத்துக்கும் திரும்பாது, இதை மறைக்காம முதல்லயே சொல்லிடுறோம்.

கட்டடம் யுனெஸ்கோ 2008ல உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்ச எல்லைக்குள்ள வர்ற பழைய கடைவீடு, அதனால ஒரு சுவத்துல கை வைக்கக்கூட கவுன்சில் அனுமதி வாங்கணும், அதுக்கே மாசக்கணக்கா ஆச்சு. முதல்ல வந்த காண்ட்ராக்டர் உள் சுவருக்கு சிமெண்டு பூசிட்டார். இந்த மாதிரி செங்கல் சுவர் தரையில இருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சா இருந்தா அந்த ஈரம் மெதுவா வெளிய ஆவியாகிப் போயிரும், சிமெண்டு போட்டா போக வழி இல்லாம உள்ளயே நின்னு மேல மேல ஏறும், உப்புப் பூத்து பூச்சு பொரிப் பொரியா உதிரும். கடுதாசி வைக்கிற அறைக்கு அது ஆகவே ஆகாது. அதனால மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசினோம். தாமதத்துக்குப் பெரிய காரணம் அதுதான். ஓடு மாத்தியாச்சு, பலகைத் தரை தாங்குற மாதிரி அலமாரிய எல்லாம் சுவரோரமா பிரிச்சு வச்சாச்சு, காகிதம் என்ன கனம்னு தூக்கினவங்க தோளைக் கேட்டாத் தெரியும். இப்ப ஒரு பெட்டியும் தரையில கிடையாது.

ஏர்கான் ஏன் போடலன்னு இன்னமும் கேக்குறாங்க, அதையும் சொல்லிடுறோம். பகல்ல போட்டு ராத்திரி நிறுத்துற ஏர்கான் கடுதாசிக்கு எதிரி. குளுந்த அறைக்குள்ள ராத்திரி வெளிக்காத்து புகுந்தா ஈரம் ஏறும், காலையில திரும்ப இறங்கும், இப்படி ஏறி ஏறி இறங்குனா காகிதம் விரிஞ்சு சுருங்கி நொந்து போயிரும், பூஞ்சையும் பிடிக்கும். காத்துல ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்னாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம்ம ஊர்ல வெளிய சாதாரணமாவே 80க்கு மேல. இருபத்திநாலு மணி நேரமும் ஏர்கான் ஓட்டுற வசதி நமக்கு இல்ல, அதனால ஈரம் உறிஞ்சுற மெஷின் ரெண்டு, காத்தாடி, ஒரு ஈரமானி. தினமும் காலையும் சாயந்தரமும் ஈரமானியைப் பாத்து நோட்டுல எழுதுறோம், அந்த நோட்டும் இனிமே ஆவணம்தான். பூச்சிக்கு அந்துருண்டை போடுறதை நிறுத்தியாச்சு, புதுசா வர்ற எந்தக் கட்டும் பிளாஸ்டிக் பையில காத்துப் போகாம மூடி மைனஸ் 20 டிகிரி பெட்டியில ரெண்டு வாரம் இருந்துட்டுத்தான் அறைக்குள்ள வரும்.

அறை இப்படி. இனி உள்ள இருக்கிறதைப் பத்தி.

கூட்டக் குறிப்பு எழுதுற மினிட்ஸ் புத்தகம், சந்தாப் பேரேடு, 1966 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல தனிநாயகம் அடிகளார் முன்னின்னு நடத்துன முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை ஒட்டி வந்த சைக்ளோஸ்டைல் தாளுங்க (ஸ்டென்சில் வச்சு நகல் எடுத்தது), இதெல்லாம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு. சைக்ளோஸ்டைல் தாள் மட்டும் தொட்டா ஒடியுற நிலைமையில இருக்கு, அதனால ஸ்கேன்தான் பாக்கக் கிடைக்கும். எங்களை உக்கார வச்சது உறுப்பினர் குடும்பங்கள் கொடுத்த சொந்தக் கடுதாசிங்கதான்.

முதல் சிக்கல் தேதி. ஸ்டாம்பு சேக்குறவங்களுக்காக அந்தக் காலத்துல உறையோட மூலைய வெட்டி வெட்டிக் கொடுத்திருக்காங்க, ஸ்டாம்போட சேந்து தபால் முத்திரையும் போச்சு, முத்திரையோட தேதியும் ஊரும் போச்சு. கடுதாசிக்குள்ள பாத்தா பிள்ளையார் சுழி போட்டு "விக்கிரம ௵ மாசி ௴" அப்படின்னு இருக்கு. ஸ்கேன் பண்ண வந்த பிள்ளைங்களுக்கு அந்தக் குறியே என்னன்னு தெரியல, ஏதோ கிறுக்கல்னு நினைச்சு விட்டுட்டாங்க. ஐயா உக்காந்து ௳ன்னா நாள், ௴ன்னா மாசம், ௵ன்னா வருஷம்னு கரும்பலகையில எழுதிக் காட்டினார், ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம்னு தமிழ் இலக்கமும் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரத்துல இருந்து அந்தப் பிள்ளைங்க எங்களை விட வேகமா படிக்க ஆரம்பிச்சிருச்சு. ஆனா விக்கிரம வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும், 1880லயும் வந்திருக்கு 1940லயும் வந்திருக்கு, எதுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணு ரெண்டு உறையில மூலை வெட்டாம தப்பிச்ச ஸ்டாம்புல ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை இருந்துச்சு, அவர் பட்டத்துக்கு வந்ததே 1936லதான், அப்போ மாசி மாசம்னா 1941 பிப்ரவரி மார்ச்சுன்னு பிடிச்சோம். அந்த ஒரு ஸ்டாம்பு ஒரு கட்டுக்கே தேதி கொடுத்துச்சு.

அந்தக் கட்டைப் பத்தித்தான் கொஞ்சம் விரிவா எழுதணும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துல இருந்து இங்க தோட்டத்துல கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, வேலை பாத்தவருக்கு வந்த கடுதாசிங்க. குடும்பம் கேட்டுக்கிட்டதால பேர் வேண்டாம். பழைய பட்டியல்ல அதை அஞ்சு பேர் எழுதினதா பிரிச்சு அஞ்சு இடத்துல வச்சிருந்தாங்க, ஏன்னா அஞ்சு விதமான கையெழுத்து. ஒண்ணு வாத்தியார் கையெழுத்து மாதிரி மணிமணியா இருக்கும், ஒண்ணு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுன மாதிரி வரி மேலயும் கீழயும் ஏறி இறங்கும். எங்கள்ல ஒரு அக்கா வரிசையா படிச்சிட்டு வரும்போதுதான் கவனிச்சாங்க, எந்தக் கையெழுத்தா இருந்தாலும் கடைசிக்கு முன்னாடி வரி ஒண்ணுதான்: உங்க கால் வீக்கம் வத்திருச்சான்னு எழுதவும். அஞ்சு கையெழுத்துலயும் அதே கேள்வி. எழுதத் தெரியாத ஒரு அம்மா, யார் கிடைச்சாங்களோ அவங்களை உக்கார வச்சு சொல்லச் சொல்ல எழுத வச்சிருக்காங்க. அஞ்சு பேர் இல்ல, ஒரே ஆள், அவர் பொண்டாட்டி.

இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு யாருக்கும் மேற்கொண்டு வேலை ஓடல. அதுக்கப்புறம் பட்டியலோட அமைப்பையே மாத்தினோம், எழுதினவர்னு ஒரே கட்டம் இருந்ததை சொன்னவர், எழுதினவர்னு ரெண்டாப் பிரிச்சோம், ஏற்கனவே முடிச்ச பெட்டியை எல்லாம் திரும்பத் திறந்து பாத்தோம். ரெண்டு மாசம் கூடுதலா ஆனது இதனாலதான், இந்த ரெண்டு மாசத்துக்கு நாங்க கொஞ்சமும் வருத்தப்படல. கையெழுத்தை மட்டும் பாத்து பட்டியல் போட்டா எழுதத் தெரியாத பொம்பளைங்க ஒருத்தர் கூட நம்ம ஆவணத்துல இருந்திருக்க மாட்டாங்க.

அந்த அம்மாவோட கடுதாசி விஷு வருஷம் கார்த்திகையோட நின்னு போகுது. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் பினாங்கு மேல குண்டு போட்டான், அந்த மாசமே ஊரைப் பிடிச்சிட்டான், அதோட இந்தியாவுக்கும் நமக்கும் தபால் அத்துப் போச்சு. அடுத்த கடுதாசி பார்த்திப வருஷம் ஐப்பசி, அதாவது 1945 அக்டோபர் நவம்பர். நடுவுல ஏறக்குறைய நாலு வருஷம் ஒண்ணும் இல்ல. திரும்ப வந்த முதல் கடுதாசி ஆறாவது ஒரு கையெழுத்து, கால் வீக்கம் கேள்வி இல்ல, உயிரோட இருக்கீங்களான்னு மட்டும்தான். ரெண்டுக்கும் நடுவுல வெறும் அட்டை ஒண்ணு வச்சு 1942 முதல் 1945 வரைன்னு எழுதியிருக்கோம், பெட்டியத் திறக்குறவங்க அது தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சிடக் கூடாதுன்னு.

இன்னொண்ணு மஞ்சள். கல்யாணம், பிள்ளைப்பேறு சொல்லி வந்த கடுதாசியோட நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கு. தாள் சுத்தம் பண்ணக் கத்துக்கிட்ட தம்பி ஒருத்தர் அதைக் கறைன்னு நினைச்சு எடுக்கப் போனார், நல்ல வேளை கேட்டுட்டு தொட்டார். அது கறை இல்ல, கடுதாசியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே நல்ல சேதின்னு சொல்ற அடையாளம். மஞ்சளுக்கு வெளிச்சம் ஆகாது, சீக்கிரம் வெளுத்துரும், அதனால அந்தக் கட்டுகளை கண்ணாடிப் பெட்டியில காட்சிக்கு வைக்கப் போறதில்ல. கறுப்பு மை தடவின சாவுக் கடுதாசி ஏன் ரெண்டு மூணுதான் இருக்குன்னு ஒருத்தர் கேட்டார். அதைப் படிச்ச உடனே கிழிச்சுப் போடுறதுதானே நம்ம வழக்கம், வீட்டுக்குள்ள வச்சுக்க மாட்டோம். நம்ம பெட்டிகள்ல பிறப்பு நிறைய, சாவு கொஞ்சம், வந்து ஆராய்ச்சி பண்றவங்க இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிக்கணும்.

சில கடுதாசியை ஸ்கேன் பண்ணல. தாள் நம்ம கையில இருக்கலாம், எழுத்தோட உரிமை எழுதினவருக்கும் அவங்க வாரிசுக்கும்தான், அதுவும் இல்லாம இன்னைக்கு உயிரோட இருக்கிறவங்க மானம் சம்பந்தப்பட்ட சங்கதி, சொத்துச் சண்டை, நின்னு போன கல்யாணம் இதெல்லாம் உள்ள இருக்கு. குழுவுல இதுக்கு ரெண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்துச்சு, எல்லாத்தையும் திறந்து விடணும்னு சில பேர், கொடுத்த குடும்பத்தைக் கேக்காம ஒரு வரியும் வெளிய போகக்கூடாதுன்னு சில பேர். கடைசியில குடும்பத்தைக் கேட்டு, அவங்க சொன்ன வருஷம் வரைக்கும் மூடி வைக்கிறதுன்னு முடிவாச்சு. மூடின பெட்டிக்கும் பட்டியல்ல பதிவு உண்டு, உள்ள என்னங்கிறதை மட்டும் எழுதல.

பழைய காலத்துல செலோடேப் ஒட்டின இடம், பிளாஸ்டிக் லேமினேட் பண்ணின சில மினிட்ஸ் பக்கம், ரெண்டுலயும் நாங்க இப்ப கை வைக்கல. டேப்போட பசை தாளுக்குள்ள இறங்கி பழுப்பாயிடுச்சு, அவசரப்பட்டு பிச்சா எழுத்தும் சேந்து வரும். கிழிஞ்ச மத்த தாளை மெல்லிசு ஜப்பான் காகிதமும் கோதுமை மாவுப் பசையும் வச்சு ஒட்டியிருக்கோம், நாளைக்கு இதை விட நல்ல வழி வந்தா தண்ணி தொட்டு எடுத்துரலாம்.

அறை இனி சனிக்கிழமை மத்தியானம் திறந்திருக்கும், மத்த நாள்ல வரணும்னா ரெண்டு நாள் முன்னாடி செயலாளர்கிட்ட சொல்லிடுங்க. பேனா உள்ள கொண்டு வர முடியாது, பென்சில் நாங்க தருவோம். உங்க வீட்டுல, உங்க பாட்டி வீட்டுப் பரண்ல, பிஸ்கட் டின்னுல பழைய கடுதாசி கிடந்தா ஸ்டாம்பை வெட்டாதீங்க, டேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க, உறையையும் கடுதாசியையும் பிரிக்காதீங்க, நூல் கட்டியிருந்தா அந்தக் கட்டைக் கூட அவுக்க வேண்டாம். அப்படியே டின்னோட எடுத்துட்டு வாங்க. கூடவே அந்த வீட்டுல யாருக்கு எழுதத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னும் கேட்டுட்டு வாங்க.

திருப்பணிக் குழு
ஜார்ஜ்டவுன், பினாங்கு